வெள்ளிப் பாடலும் ஈயடிச்சான் காப்பியும்

குற்றாலம்னா எல்லாருக்கும் அருவி ஞாபகம் வரும். எனக்குக் கூடவே டி.கே.சி.யும் ஞாபகத்துக்கு வருவார். ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882-1954), தென்காசிக்காரர், வக்கீலுக்குப் படித்தவர், கடைசிக் காலத்தில் குற்றாலவாசி. ராஜாஜியும் கல்கியும் அவரிடம் கம்பன் பாட்டு கேட்டு சொக்கிப் போனவர்கள். இன்றைக்கு மாணவர்கள் எழுதும் கட்டுரையை சாஃப்ட்வேரில் போட்டு "இது காப்பியா?" என்று பார்க்கிறார்களே, அதற்கு இவர் கதையில் ஒரு பாடம் இருக்கிறது.

கம்பராமாயணத்தில் பத்தாயிரத்துக்கு மேல் பாட்டு. அத்தனையும் கம்பன் எழுதியதில்லை. பின்னால் வந்தவர்கள் தங்கள் சரக்கையும் நடுவில் செருகிவிட்டார்கள். இதற்கு வெள்ளிப் பாடல் என்று பெயர். காப்பிக்கு நேர் எதிர் இது. அடுத்தவன் எழுத்தை என்னுடையது என்பது காப்பி. என் எழுத்தை அடுத்தவன் தலையில் கட்டுவது செருகல். இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: எழுதியது யார்?

டி.கே.சி. இதைக் கண்டுபிடிக்க நம்பியது தன் காதை. பாடிப் பார்ப்பார். தாளமும் உணர்ச்சியும் கூடி வரவில்லையா, கம்பன் இல்லை என்று தள்ளிவிடுவார். சில இடங்களில் சொல்லையே மாற்றினார். அப்படி வந்ததுதான் 'கம்பர் தரும் ராமாயணம்'. ஏட்டு ஆதாரம் எங்கே என்று பண்டிதர்கள் சண்டைக்கு வந்தார்கள். நியாயம்தானே? எவ்வளவு நல்ல காதாக இருந்தாலும் அது சாட்சி ஆகுமா? பின்னால் வந்த பதிப்பாசிரியர்கள் பல ஏடுகளை ஒப்பிட்டு, சந்தேகப்பட்ட பாட்டைத் தூக்கி எறியாமல் 'மிகைப் பாடல்கள்' என்று தனியாக அச்சிட்டார்கள். நாமே படித்து முடிவு பண்ணிக்கொள்ளலாம்.

இப்போது சாஃப்ட்வேருக்கு வருவோம். டர்னிடின் மாதிரி நிரல்கள் 1990களின் கடைசியில் வந்தன. இவை ஏடு ஒப்பிடுகிற கட்சி. மாணவன் எழுதிய வரிக்குப் பக்கத்தில் மூல வரியைக் காட்டும், எத்தனை சதவீதம் ஒற்றுமை என்றும் சொல்லும். திருட்டா என்று அதற்குத் தெரியாது. மேற்கோள் போட்டு முறையாக எடுத்ததும் அந்தக் கணக்கில் வந்துவிடலாம். நம் ஊரில் கல்லூரிகளுக்காக யுஜிசி 2018-ல் கொண்டுவந்த விதியிலேயே 10 சதவீதம் வரை தண்டனை கிடையாது; தொடர்ந்து 14 வார்த்தை வரை ஒத்துப்போனால் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

அடுத்து வந்தது இன்னொரு ரகம்: 'இது மெஷின் எழுதியதா?' என்று சொல்லும் நிரல். இதனிடம் காட்ட மூலம் எதுவும் கிடையாது. எழுத்தின் நடையைப் பார்த்து ஊகிப்பதுதான். அதாவது டி.கே.சி.யின் காது, ரசனை இல்லாமல்! ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒன்று வெளியிட்டது. அவர்கள் சோதனையில் மெஷின் எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை மெஷின் என்றது. துல்லியம் போதாது என்று அதே ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அந்த 9-ஐ ஒரு வகுப்பில் வைத்துப் பாருங்கள். 40 பிள்ளைகளும் சொந்தமாக எழுதியிருந்தாலும் மூன்று நாலு பேருக்குத் திருட்டுப் பட்டம். மெஷின் வேண்டாம், வாத்தியாரே "இவ்வளவு நல்லா நீயா எழுதினே?" என்று கேட்டாலும் அதே கதைதான். கம்பனுக்கு வாதாட ஆயிரம் பேர் வருவார்கள். எட்டாம் வகுப்புப் பையனுக்கு யார் வருவார்?

அதனால் மார்க்கைக் குறைப்பதற்கு முன்னால் ஏட்டைக் கேளுங்கள். பிள்ளையின் ஏடு அதன் ரஃப் நோட்டுதான். அடித்தல் திருத்தலோடு முதல் வரைவை வாங்கிப் பார்க்கலாம். பக்கத்தில் உட்கார வைத்து "இந்த வரியை ஏன் இப்படி எழுதினே?" என்று கேட்கலாம். சொந்தமாக எழுதிய பிள்ளை தட்டுத் தடுமாறியாவது சொல்லிவிடும். அதற்கும் மேல் சந்தேகம் இருந்தால் பதிப்பாசிரியர்கள் செய்தது போல தனியாக எடுத்து வையுங்கள். தூக்கி எறிய வேண்டாம்.