மோட்டார் வண்டியும் மறைந்து போகும் தண்ணீரும்

1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து பேர்த்தா பென்ஸ் என்னும் பெண்மணி, தம் புதல்வர் இருவருடன், கணவர் கார்ல் பென்ஸ் அமைத்த மூன்று சில்லு வண்டியில் போர்ஸ்ஹைம் நகருக்குப் புறப்பட்டார். நூறு கிலோமீற்றரைச் சற்றுத் தாண்டிய அப்பயணத்தில், வீஸ்லொக் என்னும் ஊரின் மருந்துக் கடையில் அவர் எரிபொருள் வாங்கிய செய்தி பெரிதும் பேசப்படுவது. வழிநெடுக அவர் தண்ணீர் தேடிய செய்தியோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பென்ஸின் எஞ்சினில், சிலிண்டரைச் சூழ்ந்திருந்த நீர் கொதித்து ஆவியாகி வெளியேறுவதன் மூலமே சூடு தணிந்தது. ஆதலால் கிணறு, ஓடை, சத்திரம் எதைக் கண்டாலும் வண்டியை நிறுத்தி நீர் வார்க்க நேர்ந்தது. நீர் குறைவது அன்று பழுதன்று. எஞ்சின் குளிர்வதற்கு இருந்த வழியே அதுதான்.

எரிபொருளிலிருந்து பிறக்கும் சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே வண்டியை ஓட்டப் பயன்படும். மற்றொரு பங்கு புகையுடன் வெளியேறும். எஞ்சியதிற் பெரும்பகுதியை எஞ்சினைச் சுற்றியுள்ள நீரே சுமந்து செல்லவேண்டும். அந்த நீரை இழக்காமலே அதன் சூட்டை மட்டும் காற்றிற் கலக்கச் செய்வது எங்ஙனம் என்பதே முதற் பொறியியலாளரை வருத்திய வினா. அதற்குச் சிறந்த விடை கண்டவர் வில்ஹெல்ம் மைபாக். 1900ஆம் ஆண்டின் இறுதியில் உருவான முதலாவது மேர்சிடிஸ் வண்டிக்கு அவர் தேன்கூடு போன்ற ரேடியேற்றரை அமைத்தார். ஆறு மில்லிமீற்றர் அகலமுள்ள 8,070 சிறு குழாய்கள் அதில் இணைக்கப்பட்டிருந்தன. குழாய்களினூடே காற்றும் அவற்றின் இடைவெளிகளில் நீரும் சென்றன. அதனால் வண்டி சுமக்கவேண்டிய நீரின் அளவு பெரிதும் குறைந்தது.

ஆயினும் நீர் முற்றாக அடைபடவில்லை. 1908 முதல் 1927 வரை உற்பத்தியான போர்ட் நிறுவனத்தின் 'மொடல் ரீ' வண்டிகளில், தொடக்கத்தில் வந்த சிலவற்றை விட்டால், நீரைத் தள்ளும் பம்பியே கிடையாது. சூடேறிய நீர் மேலெழும், குளிர்ந்த நீர் கீழிறங்கும். அந்த இயல்பே நீரைச் சுற்றிவரச் செய்தது. ஏற்றமான பாதைகளில் ரேடியேற்றர் ஆவி கக்குவது யாவரும் கண்ட காட்சி. ரேடியேற்றர் மூடியின்மேல் ஒரு வெப்பமானியைப் பொருத்தி, முன்கண்ணாடியூடாக அதைப் பார்த்தபடி ஓட்டுவதும் 1910களில் வழக்கமாயிற்று. ஓட்டுபவர் தம் எஞ்சினின் தாகத்தைக் கண்முன்னே கண்ட காலம் அது.

குளிர்நாடுகளில் வேறொரு தொல்லையும் இருந்தது. உறையும் நீர் விரிவடைந்து இரும்பையும் பிளந்துவிடும். மாலையில் நீரை வடித்துவிட்டுக் காலையில் வெந்நீர் வார்த்தவர்கள் உண்டு. அற்ககோல் கலந்தவர்களும் உண்டு. ஆனால் மெதனோல் 65 பாகை செல்சியசிலேயே கொதித்து ஆவியாகிவிடும். காத்தது குளிரிலிருந்து, சூட்டில் அதுவே பறந்துபோயிற்று. பிரெஞ்சு இரசாயனவியலாளர் வூர்ட்ஸ் 1850களில் ஆக்கிய எதிலீன் கிளைக்கோல் 197 பாகையிற் கொதிப்பது. ஆக்கப்பட்டு ஏறத்தாழ எழுபதாண்டு கழிந்தபின், 1927இல், அது அமெரிக்காவில் 'பிரெஸ்ரோன்' என்னும் பெயரில் மோட்டார் வண்டிகளுக்கென விற்பனைக்கு வந்தது. நீருடன் சரிபாதி கலந்தால், பூச்சியத்துக்குக் கீழ் முப்பத்தைந்து பாகையளவிலும் அது உறைவதில்லை. இனிப்புச் சுவையுடைய இத்திரவம் கொடிய நஞ்சு என்பதையும் கூறவேண்டும். சிந்தியதை நக்கிய நாய்களும் பூனைகளும் மாண்டதுண்டு.

வண்டிக்குள் இருப்போரின் குளிரைப் போக்கும் முயற்சி இதன் பின்னரே செழித்தது. முன்னர் சூடாக்கிய செங்கல்லையும் கம்பளியையுமே நம்பினர். புகைக்குழாயின் சூட்டை உள்ளே திருப்பும் அமைப்புகளும் வந்தன. அவற்றில் வெடிப்பு ஏற்பட்டால் காபனோரொட்சைட்டு என்னும் மணமற்ற நஞ்சுவாயு உள்ளே புகும். எஞ்சினைச் சுற்றிவந்த வெந்நீரின் ஒரு பகுதியைச் சிறிய ரேடியேற்றர் ஒன்றினூடே செலுத்தி, விசிறியால் அச்சூட்டை உள்ளே வீசச்செய்வதே நிலைத்த முறையாயிற்று. அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் 1938ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளில் வெளிக்காற்றை உள்ளிழுத்துச் சூடாக்கி வழங்கியது. எனினும் ஹீற்றர் நெடுங்காலம் ஆடம்பரமாகவே எண்ணப்பட்டது. 1959இல் பிரித்தானியாவில் வெளியான மினியின் மலிவான வகைக்கு அதனைத் தனி விலை கொடுத்தே பெறவேண்டியிருந்தது. நீரே வேண்டாம் எனக் காற்றாற் குளிரும் எஞ்சினை அமைத்த போக்ஸ்வாகன் வண்டியில் உறையவோ கசியவோ எதுவுமில்லை. ஆனால் பனிக்காலத்தில் அதன் உள்ளே கிடைத்த வெதுவெதுப்பு அற்பம் என்பது அதை விரும்பியவரும் ஒப்புக்கொண்ட குறை.

இதற்கிடையே, அமுக்கத்தைத் தாங்கும் மூடி ரேடியேற்றருக்கு வந்தது. வளியமுக்கத்துக்கு மேல் இன்னொரு வளியமுக்கம் ஏற்றப்பட்டால் நீரின் கொதிநிலை 120 பாகையாக உயரும். 1961இல் வெளியான ரெனோ 4 வண்டியில் நீர்ச்சுற்று முழுவதுமே அடைக்கப்பட்டிருந்தது. அடிக்கடி நீர் வார்க்கும் வேலை ஒழிந்தது. வசதி பெரிது. ஆனால் நீர் குறைவதை நாள்தோறும் பார்க்கும் பழக்கமும் அதனுடன் ஒழிந்தது. பேர்த்தா பென்ஸின் காலத்தில் வெளிப்படையாக நடந்த இழப்பு, இப்பொழுது மறைவிலே நடக்கலாயிற்று.

அம்மறைவை முதலில் வெளிப்படுத்துவது பல வேளைகளில் ஹீற்றரே. அதன் சிறிய ரேடியேற்றர் பெரும்பாலும் சுற்றின் உயரமான பகுதியில் அமைவதால், நீர் குறையும்போது காற்று அங்கே சென்று தங்கும். எஞ்சின் சூடாயிருக்க, உள்ளே குளிர்ந்த காற்று வீசும். வண்டி நிற்கையில் குளிராகவும் எஞ்சின் விரைந்து சுழல்கையிற் சூடாகவும் காற்று மாறிமாறி வருமாயின் ஐயம் வலுக்கிறது. வெப்பநிலைக் காட்டியை இங்கே முழுதும் நம்பலாகாது. அதன் உணர்கருவி நீரில் அமிழ்ந்திராமல் காற்றில் நின்றால், கொதிக்கும் எஞ்சினைக்கூடக் குளிர்ந்ததாகக் காட்டிவிடும்.

ஆனால் நீர்மட்டம் குறையாமலே ஹீற்றர் மந்தமாயிருந்தால், காரணம் வேறு. எஞ்சின் சூடேறும்வரை நீரை ரேடியேற்றருக்குச் செல்லவிடாது தடுக்கும் தெர்மோஸ்ரற் என்னும் வால்வு திறந்தபடியே இறுகிவிட்டால், எஞ்சினுக்கு வேண்டிய சூடு ஏறுவதேயில்லை. ஹீற்றரின் குழாய்கள் துருவால் அடைபட்டாலும் அவ்வாறே; அதற்குட் செல்லும் குழாய் சுட, மீளும் குழாய் குளிர்ந்திருக்கும்.

நீர் உண்மையாகவே குறைந்தால், அது போன வழியைத் தேடவேண்டும். இறப்பர்க் குழாயின் முனைகளிலும் பம்பியின் அடியிலும் கசிவு உலர்ந்த வெண்தடம் இருக்கலாம். வண்டிக்குள் இனித்த மணம், முன்கண்ணாடியில் எண்ணெய்ப் படலம், கால்வைக்கும் இடத்தில் ஈரம் ஆகியன ஹீற்றர் ரேடியேற்றரின் கசிவைக் காட்டுவன. வெளியில் ஈரமே இல்லாமல் நீர் குறைவதே அஞ்சத்தக்கது. சிலிண்டர்த் தலையின் காஸ்கற் பழுதடைந்து நீர் சிலிண்டருக்குட் புகுந்தால், சூடேறிய எஞ்சினிலிருந்தும் வெண்புகை ஓயாது வரும். எண்ணெயுடன் கலந்தால் எண்ணெய் பால்போல் வெளுக்கும். குளிர்ந்த எஞ்சினின் நீர்ச்சுற்றில் கைப்பம்பியால் அமுக்கம் ஏற்றி, மானியின் முள் இறங்குகிறதா என்று பார்ப்பது மெக்கானிக்குகளின் நம்பத்தக்க சோதனை. சூடான எஞ்சினின் மூடியைத் திறப்பவரின் முகத்தில், நூறு பாகைக்கு மேல் சூடேறிய நீர் பீறியடிக்கும்.

எஞ்சின் மிகையாகச் சூடேறும்போது ஹீற்றரை முழுவதும் திறந்துவிடுவது அனுபவமுள்ள சாரதிகளின் உபாயம். இரண்டாவது ரேடியேற்றராக அது சூட்டிற் சிறிது பங்கை வாங்கிக்கொள்ளும். அவ்வாறு திறந்தும் குளிர்ந்த காற்றே வருமாயின், அங்கே எட்டும் அளவுக்கு நீர் இல்லை. அடுத்த ஊர்வரை செல்லலாம் என எண்ணாது, வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அவ்விடத்திலேயே நிறுத்தவேண்டும்.