ஜாம் போத்தல் கரி எங்கே போனது?

"இடம்பெயர்ந்த காலத்தில எப்பிடிப் படிச்சனீங்கள்?" என்று முல்லைத்தீவில் எந்த வீட்டில் கேட்டாலும் ஜாம் போத்தல் விளக்குக் கதை வரும். பொருளாதாரத் தடை, மண்ணெண்ணெய் இல்லை. போத்தலுக்குள் பஞ்சு, கொஞ்ச எண்ணெய், ஒரு திரி. விடிய எழும்பினால் போத்தல் வாயிலும் கரி, மூக்குக்குள்ளும் கரி. அது பிறகு எங்கே போனது என்று நாங்கள் கேட்டதில்லை.

1999 ஜனவரி முதல் மார்ச் வரை மாலைதீவில் சிலர் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த வீ. ராமநாதனும், ஓசோன் ஆய்வுக்காக 1995இல் நோபல் பரிசு பெற்ற போல் குருட்சனும் தலைமை தாங்கிய 'இண்டோஎக்ஸ்' ஆய்வு அது. விமானம், கப்பல் எல்லாம் வைத்து அளந்தார்கள். வாடைக்காற்று தெற்காசியாவின் புகையை இந்து சமுத்திரத்துக்கு மேல் மூன்று கிலோமீற்றர் உயரத்துக்கு மண்ணிறப் படலமாகப் பரப்பியிருந்தது.

புகையோடு வரும் வாயுக்கள் வெயிலில் சேர்ந்து நிலமட்டத்தில் ஓசோனை உண்டாக்கும். அந்த ஓசோன் புதுக் கரியில் பட்டால் ஒரு ஒட்சிசன் அணுவை அதில் விட்டுவிட்டுச் சாதாரண ஒட்சிசனாகிவிடும். கரியின் மேற்பரப்பு நிரம்ப நிரம்ப வேகம் குறையும். அதனால் கரி ஓசோனை முழுசாகத் தின்று தீர்க்காது. மாறுவது கரிதான். புதுக் கரியில் தண்ணி ஒட்டாது. ஓசோன் பட்டுப் பழசானதில் ஒட்டும், மழையோடு இறங்கும். மழை குறைந்த தை, மாசியில் அது அந்தரத்திலேயே நிற்கும்.

2002இல் ஐ.நா. சுற்றாடல் திட்டம் இதை 'ஆசிய மண்ணிற முகில்' என்றது. இந்தியா எதிர்த்தது, பிறகு 'ஆசிய' போய் 'வளிமண்டல' வந்தது. பெயருக்குத்தான் அவ்வளவு சண்டை! வாகனம், நிலக்கரியோடு விறகடுப்பும் அந்தக் குற்றப்பட்டியலில் இருந்தது. தடை போட்டு எங்களை இருட்டில் இருத்திவிட்டுப் புகைக்கும் கணக்குக் கேட்பதா என்று எங்களுக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் 2012இல் வந்த ஆய்வொன்று, சாதாரணத் திரி விளக்கில் எரியும் மண்ணெண்ணெயில் 7 தொடக்கம் 9 வீதம் கரியாகவே வெளியேறுகிறது என்றது. கடலுக்குப் போக முதல் அதைச் சுவாசித்தது, புத்தகத்தை விளக்குக்குக் கிட்டப் பிடித்திருந்த பிள்ளைதான்.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு இந்தியப் பக்கத்துப் புகை இங்கே வந்தது. டிசம்பர் 9 நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்கள் பூட்டு. வீட்டில் அந்த நாளைப் பற்றிக் கேட்டுப் பார்த்தோம். காற்று ஒருவருக்கும் ஞாபகமில்லை; குளிரில் மாடுகள் செத்ததைத்தான் சொன்னார்கள்.