குடலைக் குறுக்கிய கதை

சத்திரசிகிச்சை என்றதும் நம் நினைவுக்கு வருவது, நோயுற்ற உறுப்பொன்றை வைத்தியர் அகற்றுவதோ செப்பனிடுவதோதான். ஒரு குறையுமில்லாத குடலை, உடற்பருமனைக் குறைக்கும் பொருட்டு, வேலையின்றி ஒதுக்கிவைக்கலாம் என்னும் எண்ணம் தோன்றி ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டே ஆகிறது.

1954 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினசோட்டாவில் கிரெமன், லின்னர், நெல்சன் என்னும் மூவர் நாய்களிற் செய்த ஆராய்ச்சியொன்றை வெளியிட்டனர். சிறுகுடலின் மேற்பாதியை இழந்த நாய்கள் அவ்விழப்பைத் தாங்கிக்கொண்டன. கீழ்ப்பாதியை இழந்தவையோ கொழுப்பை உறிஞ்ச இயலாது மெலிந்தன. மெலிவதையே வேண்டி நிற்கும் மனிதருக்கு இது பயன்படாதா என்ற கேள்வி எழுந்ததில் வியப்பில்லை.

லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பெயின் என்பவரும் அவர்தம் துணைவரும் முதலிற் சிறுகுடலின் மேற்பகுதியை நேரே பெருங்குடலுடன் இணைத்துப் பார்த்தனர். எடை குறைந்தது; ஆனால் ஓயாத வயிற்றோட்டத்தால் உடலின் நீரும் உப்புக்களும் வடிந்துபோயின. எனவே அம்முறையைக் கைவிட்டு, சிறுகுடலின் தொடக்கத்தில் 14 அங்குலமும் முடிவில் 4 அங்குலமும் மட்டும் உணவு செல்லுமாறு இணைத்தனர். இருபதடி அளவான குடலில் எஞ்சியது ஒன்றரை அடி! பல்லாயிரவர் இதனைச் செய்துகொண்டனர்.

அவர்கள் மெலிந்தனர் என்பது உண்மையே. ஆயின், உணவோட்டமின்றிக் கிடந்த குடலிற் கிருமிகள் பெருகின. மூட்டுக்கள் வீங்கின. சிலருக்கு ஈரல் செயலிழந்து மரணமும் நேர்ந்தது. சிறுநீரகக் கல் வந்த விதம் தனியே கூறத்தக்கது. கீரை முதலியவற்றிலுள்ள ஒட்சலேற்று என்னும் பொருளைக் கல்சியம் குடலிலேயே பிணைத்து வெளியேற்றுவது இயல்பு. உறிஞ்சப்படாத கொழுப்பு அந்தக் கல்சியத்தைப் பற்றிக்கொள்ளவே, தனித்துவிடப்பட்ட ஒட்சலேற்று இரத்தத்திற் கலந்து சிறுநீரகத்திற் கல்லாகத் திரண்டது. குடலிற் செய்த வேலைக்குச் சிறுநீரகம் விலை கொடுக்குமென எவர் எதிர்பார்த்தார்? 1980 ஆம் ஆண்டுகளில் இம்முறை கைவிடப்பட்டது. குடலை மீண்டும் பழையபடி இணைத்துக்கொண்டவர்களுக்கு இழந்த எடை பெரும்பாலும் திரும்பியது.

இதற்கிடையில், அயோவாச் சர்வகலாசாலையின் எட்வர்ட் மேசன் வேறு வழியைக் கண்டார். புண் காரணமாக இரைப்பையின் பெரும்பகுதியை இழந்தவர்கள் மெலிந்தே இருந்ததைக் கவனித்த அவர், 1966 இல் இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துச் சிறுகுடலுடன் இணைத்தார். எஞ்சிய இரைப்பை உள்ளேயே இருந்தது. அதன் நீரும் பித்தமும் பாய்ந்துகொண்டிருந்தமையால் எப்பகுதியும் தேங்கிக் கிடக்கவில்லை. ஆனால் பித்தம் சிறு பைக்குள் ஏறித் தொல்லை தந்தது. 1977 இல் கிரிஃபன் என்பவர், சுவிற்சர்லாந்து வைத்தியர் றூவின் பெயரால் வழங்கும் பழைய இணைப்பு முறையைக் கையாண்டு அதனைத் தவிர்த்தார். இன்றைய இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சையின் வடிவம் இதுவே. இது குறைவாக உண்ணச் செய்வதோடு நில்லாது குடலின் ஓமோன்களையும் மாற்றுகிறது. நீரிழிவாளர் பலருக்கு எடை குறையுமுன்னரே இரத்தத்திற் சர்க்கரை இறங்கிவிடுவது அதனாலேயாம்.

இதற்கும் ஆபத்துக்கள் உள. தையல் கசியலாம், காலில் உறைந்த இரத்தம் நுரையீரலை அடைக்கலாம். இரும்பு, கல்சியம், பி12 உயிர்ச்சத்து ஆகியவற்றை வாழ்நாள் முழுவதும் தனியே உட்கொள்ளவேண்டும். நேயர்கள் அறிந்த பழைய நோயொன்றும் இங்கே தலைகாட்டுகிறது. சிங்களச் சொல்லிலிருந்து பிறந்ததாகக் கூறப்படும் பெயரையுடைய பெரிபெரிதான் அது. ஒருகாலத்தில் தீட்டிய அரிசியையே உண்டவரைப் பீடித்த அந்நோய், சிகிச்சைக்குப்பின் வாரக்கணக்கில் வாந்தியெடுப்பவருக்கும் பி1 உயிர்ச்சத்துக் குறைவால் வருகிறது. நடை தள்ளாடும், நினைவு குழம்பும். அவ்வேளையிற் குளுக்கோசை மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகும். ஆதலின் வைத்தியர்கள் முதலில் பி1 ஊசியைப் போடுகின்றனர்.