பெருமுக்கல்லும் பேய்ப்பாட்டும்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் மார்க்கத்தில் பெருமுக்கல் குன்றை அணுகும் யாத்ரிகர், உச்சியிலுள்ள சிவாலயத்தையும், குகைப்பாறையில் புராதன மனிதர் செதுக்கிய கீறல்களையும், 1760இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஆங்கிலத் தளபதி அயர் கூட் கைப்பற்றிய கோட்டையின் சிதைவுகளையும் ஒருங்கே கண்டு, இத்தனை மரணங்களுக்குச் சாட்சியான கல் ஒரு பேய்க்கதையேனும் சொல்லாதிருக்குமோ என்று சிந்திப்பது இயல்பே.

பயங்கரத்தைக் காவியமாக்குவது நமக்கு அந்நியமன்று. ராஜசபையை நாடாத வணிகர் குலப் பெண்மணியான காரைக்காலம்மையார், திருவாலங்காட்டு மயானத்துப் பேய்களை அவற்றின் கோரம் குறையாமலே பக்திக்குரியவையாக்கித் தம்மையும் பேயென்றே அழைத்துக்கொண்டார். செயங்கொண்டாரோ கலிங்கக் களத்தில் பேய்கள் கூழடும் காட்சியையே பரணியின் சிகரமாக்கினார். 1943இல் வெளிவந்த புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ அந்த மரபின் நவீன வாரிசு.

ஆகவே, எழுத்தைத் தொழிலாகக் கொள்ளாத இளைஞரொருவர் இருண்ட கதையோ கவிதையோ எழுதிவந்தால், விகாரமென்று ஒதுக்காது வாசியுங்கள்.