ஓவர்ஹெட் டேங்க் 'டமார்' ஆகாமல் இருக்க... அடியைக் கவனிங்க!

மாடிக்கு பிளாஸ்டிக் டேங்க் ஏற்றும்போது ரெண்டு பேர் சுலபமா தூக்கிட்டுப் போயிடறாங்க. அதனாலேயே அதோட கனம் யாருக்கும் உறைக்கிறதில்லை. 1,000 லிட்டர் டேங்க் நிரம்பினால் எடை 1 டன்னுக்கு மேல். 25 கிலோ அரிசி மூட்டை 40-ஐ ஒரே இடத்தில் அடுக்கியதற்குச் சமம்.

ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ கூடுதல் பாரம் என்றுதான் ஐ.எஸ். 875 விதி கணக்கு வைக்கிறது. இந்த டேங்க் உட்காருவதோ ஏறக்குறைய ஒரே சதுர மீட்டரில்! அதனால் தளத்தின் நடுவில் வைக்கவே கூடாது. சன்ஷேடு, கைப்பிடிச் சுவர் மேலும் ஆகாது. கீழே தூணோ, பாரம் தாங்கும் சுவரோ இருக்கும் இடமா பார்த்து வைக்கணும். தளத்தில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிற பழைய வீடு என்றால், என்ஜினீயரிடம் காட்டாமல் ஏற்றாதீங்க.

அடுத்து, டேங்கின் அடிப்பாகம். செங்கல்லை நாலு மூலையில் அடுக்கி மேலே தூக்கி வைத்துவிடுவது நம்ம ஊரு வழக்கம். இதுதான் பெரிய தப்பு. கல் இல்லாத இடத்தில் அடிப்பாகம் கீழே தொங்கும். தினமும் நிரம்பி, காலியாகி, அந்த இடம் மேலும் கீழும் ஆடும். வெயில் சூட்டில் பிளாஸ்டிக் வேறு இளகும். கொஞ்ச காலத்தில் விளிம்பில் விரிசல் விட்டுடும். இரும்பு ஸ்டாண்டிலும் இதே கதைதான். ஆங்கிள் சட்டத்தின் மேல் அப்படியே வைக்காமல், முழுசா தாங்குகிற மாதிரி கனமான தகடு போடணும்.

ரெண்டு குட்டிச் சுவர் கட்டி கடப்பா கல் போடுகிறவர்களும் உண்டு. கடப்பா வளைந்து கொடுக்காது, பட்டென்று உடையும். கம்பி கட்டிய கான்கிரீட் சிலாப்தான் நல்லது. டேங்கின் அடியை விட சிலாப் எல்லாப் பக்கமும் கொஞ்சம் பெரிசா இருக்கணும். மேல்பக்கம் ரசமட்டம் வைத்துப் பார்க்கணும். ஜல்லி, ஆணி எதுவும் கிடக்கக் கூடாது.

பைப்பை சுவரில் கிளாம்ப் போட்டு நிறுத்தணும். டேங்கில் தொங்கவிட்டால் ஓட்டை போட்ட இடத்திலேயே கிழியும்.

காலி டேங்க் காற்றுக்கு உருண்டுவிடும். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தது சென்னைக்காரர்களுக்கு மறந்திருக்காது. கயிறோ, இரும்புப் பட்டையோ போட்டுக் கட்டி வைங்க.

முதல் நாள் பாதி மட்டும் நிரப்பிப் பாருங்க. சிலாப் அடியிலும், கீழ் வீட்டு சீலிங்கிலும் புது விரிசல் தெரிந்தால் உடனே தண்ணீரைத் திறந்துவிட்டுட்டு, கொத்தனாரைக் கூப்பிடுங்க.