ரொறன்ரோவின் எலிகள்

யூனிவர்சிற்றி அவெனியூவிலுள்ள பிரின்சஸ் மார்கரெற் வைத்தியசாலையின் பெயர் எங்கள் சபையின் ஜெபக் குறிப்புகளில் அடிக்கடி வரும். அங்கே இப்போது பலருக்கு ஏற்றப்படும் இம்யூனோதெரபி மருந்தின் வரலாற்றில் எங்கள் நகருக்கும் பங்குண்டு என்பது வாலிபர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நம் இரத்தத்திலுள்ள ரி கலங்கள் கிருமி புகுந்த கலங்களையும் புற்றுக் கலங்களையும் தேடி அழிப்பவை. எதிரியை அடையாளம் காண அவற்றின் மேல் ஓர் ஏற்பி உண்டு. ஹொங்கொங்கில் வளர்ந்து கனடாவுக்கு வந்த டாக் மாக், 1984இல் ரொறன்ரோவில் தன் குழுவோடு அந்த ஏற்பியின் மரபணுவைக் கண்டுபிடித்தார்.

ரி கலத்தில் சி.ரி.எல்.ஏ-4 என்றொரு புரதமும் இருப்பது 1987இல் பிரான்சில் தெரியவந்தது. அதன் வேலை என்ன என்பதில்தான் சர்ச்சை. கலத்தை அது தூண்டுகிறது என்றனர் சிலர். இல்லை, அதுதான் பிறேக் என்றனர் வேறு சிலர். 1995இல் மாக்கின் குழு அந்தப் புரதமே இல்லாத எலிகளை உருவாக்கியது. மூன்று நான்கு வாரங்களில் அவை சாகும் நிலைக்கு வந்தன. அடங்காமல் பெருகிய ரி கலங்கள் இதயத்திலும் கணையத்திலும் நிறைந்திருந்தன. அமெரிக்காவில் ஆர்லீன் ஷார்ப்பின் குழுவும் அதே ஆண்டில் இதையே கண்டது. பிறேக்தான், சந்தேகமில்லை.

பிறேக் என்று முன்பே சொன்னவர்களில் ஒருவரான ஜேம்ஸ் அலிசன், அதைத் தடுக்கும் மருந்தை எலிகளுக்குக் கொடுத்து, கட்டிகள் மறைவதை 1996இல் காட்டினார். 2011இல் அது மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2018இல் அலிசனுக்கும், பி.டி-1 என்ற இன்னொரு பிறேக்கைக் கண்டுபிடித்த ஜப்பானியர் ஹொன்ஜோவுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மாக்கின் பெயர் அதில் இல்லை. ரொறன்ரோக்காரருக்கு அது சிறு மனக்குறைதான்.

தாதியராகிய எங்களுக்கு அந்த எலிகள் இன்றும் நினைவுக்கு வரும். பிறேக்கை விட்டால் ரி கலங்கள் புற்றை மட்டும் தாக்குவதில்லை. குடல், தோல், ஈரல், தைரொயிட், அரிதாக இதயத்தையும் தாக்கும். எங்கள் அம்மாமாரோ வயிற்றோட்டம் வந்தால், "நேற்றுச் சாப்பிட்ட றோல்ஸ் ஒத்துக்கொள்ளேல்லை" என்று மல்லித் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த அப்பொயின்மென்ற் வரை பேசாமல் இருப்பார்கள். நேர்ஸுக்கு ஏன் கரைச்சல் என்பார்கள். ஆனால் அது ரி கலங்களின் வேலையானால் காத்திருக்கக் கூடாது. ஸ்ரீரொயிட் கொடுத்து அடக்க வேண்டும். மருந்தை நிறுத்திப் பல மாதங்கள் கழித்தும் இது வரலாம். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனால், "கீமோ அல்ல, இம்யூனோதெரபி" என்று முதலிலேயே சொல்லுங்கள். அதற்கென்று கொடுத்த சிறிய அட்டை இருந்தால் காட்டுங்கள். அம்மம்மாவின் கைப்பையில் இல்லையென்றால், அவருடைய வேதாகமத்துக்குள் தேடிப் பாருங்கள்.