கொடி நாள் உண்டியலுக்குள் ஒரு பழைய கதை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை என்னிடம் படித்தவன். பிறவியிலேயே பார்வை கிடையாது. இப்போது ஒரு வங்கியில் வேலை பார்க்கிறான். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அவனோடு படித்தவர்களுக்கு யாரென்று தெரியும். பேச்சுவாக்கில் சிரித்துக்கொண்டே சொன்னான்: "டீச்சர், எல்லாரையும் முறை வச்சு போர்டு அழிக்கச் சொல்வீங்க. மூணு வருஷத்துல என்னை ஒரு நாள்கூடச் சொன்னதில்லை."

எனக்குப் பதில் வரவில்லை. அவனுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்றுதான் "நீ உட்காருப்பா" என்று சொல்லி வந்தேன். அதை அன்பு என்றே நினைத்திருந்தேன். அதன் பிறகு பார்வையற்றோர் கல்வி பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அப்படிப் படித்தபோது வந்து சேர்ந்ததுதான் இந்தப் பட்டாளத்துக் கதை.

லண்டனில் ஆர்தர் பியர்சன் என்றொரு பத்திரிகை முதலாளி இருந்தார். 1900-ல் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' நாளிதழைத் தொடங்கியவர். கண்ணில் நீர் அழுத்த நோய் வந்து, சிறிது சிறிதாகப் பார்வை முழுவதும் போய்விட்டது. பத்திரிகைத் தொழிலை விட்டுப் பார்வையற்றோர் பணிக்கு வந்தார். 1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. குண்டுச் சிதறலில் கண் போன இளைஞர்கள் பிரான்ஸிலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். 1915 தொடக்கத்தில் பியர்சன் அவர்களுக்காக ஒரு விடுதி திறந்தார். இடம் போதாமல், சில வாரங்களிலேயே ரீஜண்ட்ஸ் பார்க்கில் ஒரு பெரிய பங்களாவுக்கு மாற்றினார். அதன் பெயர் செயின்ட் டன்ஸ்டன்ஸ். அந்தப் பெயரில் ஒரு தேவாலயம் லண்டனில் உண்டு. அங்கிருந்த பழைய கடிகாரத்தை ஒரு பிரபு 1830-ல் விலைக்கு வாங்கி வந்து இந்தப் பங்களாவில் மாட்டினார். கடிகாரத்தோடு பெயரும் ஒட்டிக்கொண்டது. கடிகாரம் 1935-ல் தேவாலயத்துக்கே திரும்பிப் போய்விட்டது. பெயர் மட்டும் பார்வையிழந்த வீரர்களோடு தங்கிவிட்டது.

அன்றைக்குக் கண் போன சிப்பாய்க்கு என்ன வழி? ஓய்வூதியம் கொஞ்சம் கிடைக்கும். அதை வாங்கிக்கொண்டு வீட்டில் ஒரு மூலையில் கிடக்கலாம். இல்லையென்றால் தெருவில் தீப்பெட்டி விற்கலாம். பியர்சன் இரண்டையும் ஒப்புக்கொள்ளவில்லை. தம்மிடம் வருபவர்களிடம் யாரும் பரிதாபம் காட்டக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தார். புதிதாக வருபவருக்கு முதலில் விரலால் தடவி மணி பார்க்கும் கடிகாரம் ஒன்றைப் பரிசாகக் கொடுப்பார். 'மணி என்ன?' என்று அடுத்தவரைக் கேட்க வேண்டியதில்லை அல்லவா? அறைகளில் நீளமான விரிப்புகள் போட்டிருந்தார்கள். பாதம் அதை உணர்ந்துகொண்டே நடக்கும், கை பிடிக்க ஆள் வேண்டாம். பிரெய்ல், தட்டச்சு, சுருக்கெழுத்து, மசாஜ் சிகிச்சை, தொலைபேசி இணைப்பகப் பணி, கூடை முடைதல், செருப்புத் தைத்தல், தச்சு, கோழி வளர்ப்பு என்று அவரவருக்கு ஏற்ற தொழிலைக் கற்றுக்கொடுத்தார்கள். கற்றுக்கொடுத்தவர்களில் பலர் தாங்களே பார்வையற்றவர்கள். மாலையில் ஏரியில் படகு வலித்தார்கள்.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றியது அதற்கடுத்த பகுதி. தொழில் கற்று ஊருக்குப் போனவரை அவர்கள் கைவிடவில்லை. பின்பராமரிப்பு என்று ஒரு தனிப் பிரிவு வைத்தார்கள். கூடை முடைபவருக்கு மூலப்பொருள் வாங்கித் தருவது, வேலையின் தரம் குறையாமல் வந்து பார்ப்பது, விற்காத சரக்கை விற்றுக் கொடுப்பது எல்லாம் அதன் பொறுப்பு. சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டு மறந்துபோகும் பயிற்சிகளை நாமும் எத்தனையோ பார்த்திருக்கிறோம்.

ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. போருக்கு ஆள் எடுத்தது அரசாங்கம். கண் போன பிறகு அவனுக்கு ஒரு வாழ்க்கை அமைத்துக் கொடுக்கத் தனி மனிதர் ஒருவர் ஊரெல்லாம் நன்கொடை திரட்ட வேண்டியிருந்தது. பியர்சனைப் பாராட்டும்போதே இதுவும் உறுத்துகிறது.

பியர்சன் 1921 டிசம்பரில் குளியல் தொட்டியில் வழுக்கி விழுந்து இறந்தார். அடுத்துப் பொறுப்புக்கு வந்தவர் இயன் பிரேசர். 1916-ல் சோம் போரில் கண்ணிழந்தவர். அரை நூற்றாண்டுக்கு மேல் தலைவராக இருந்தார். புத்தகங்களை இசைத்தட்டில் படித்துப் பதிவு செய்யும் யோசனைக்குப் பாடுபட்டவர் அவர்தான். பார்வையற்றோருக்கான முதல் 'பேசும் புத்தகங்கள்' 1935-ல் இங்கிலாந்தில் வெளிவந்தன. இன்று என் மாணவன் செல்போனில் நாவல் கேட்கிறான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கலிப்போலிப் போரில், 1915 ஆகஸ்டில், க்ளூதா மெக்கன்சி என்ற நியூசிலாந்து இளைஞர் பார்வை இழந்தார். வயது இருபது. செயின்ட் டன்ஸ்டன்ஸில் பயிற்சி பெற்று ஊர் திரும்பி, ஆக்லாந்தில் பார்வையற்றோர் நிறுவனத்தை நடத்தினார். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியா வந்தார். அப்போது இந்தியப் படையில் போர் முடிவதற்குள் சுமார் 25 லட்சம் பேர் சேர்ந்திருந்தார்கள். அவர்களிலும் கண்ணிழந்தவர்கள் உண்டே! அவர்களுக்காக 1943-ல் டேராடூனில் செயின்ட் டன்ஸ்டன்ஸ் பெயரிலேயே ஒரு விடுதி தொடங்கப்பட்டது.

மெக்கன்சிக்கு அங்கே இன்னொரு சிக்கலும் கண்ணில் பட்டது. (கண்ணில் என்று எழுதிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.) இந்தியாவில் அன்று பிரெய்ல் ஒன்றல்ல, பல. மொழிக்கொரு முறை, சில இடங்களில் பள்ளிக்கொரு முறை. நம் தமிழுக்குப் பாளையங்கோட்டையில் 1890-ல் பார்வையற்றோர் பள்ளி தொடங்கிய ஆஸ்க்வித் அம்மையார் ஒரு முறை அமைத்திருந்தார். வடக்கே வேறு வேறு முறைகள். எல்லாவற்றையும் ஒன்றாக்கும் முயற்சி பல ஆண்டுகள் நடந்தது. யுனெஸ்கோவின் உதவியோடு 1951-ல் பாரதி பிரெய்ல் உருவானது. அந்த யுனெஸ்கோ பணியில் ஆலோசகராக இருந்தவரும் மெக்கன்சிதான். மொழி எதுவானாலும் ஒரே ஒலிக்கு ஒரே புள்ளி அமைப்பு. நம் 'க'வும் இந்தியின் 'க'வும் ஆங்கிலத்தின் 'கே'யும் விரலுக்கு ஒன்றுதான்: முதல் புள்ளி, மூன்றாம் புள்ளி.

டேராடூன் விடுதி இருந்த இடத்திலேயே 1950-ல் மத்திய அரசு பார்வையற்ற பெரியவர்களுக்கான பயிற்சி மையம் தொடங்கியது. 1951-ல் பிரெய்ல் அச்சகமும் வந்தது. பின்னாளில் அதுவே பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனமாக வளர்ந்தது. சிப்பாய்களுக்காகப் போட்ட அடித்தளத்தில் பொதுமக்களின் பிள்ளைகள் படித்தார்கள். என் மாணவனும் பலகையில் தாளை மாட்டி, எழுத்தாணியால் வலமிருந்து இடமாகக் குத்திக் குத்தித்தான் 'அம்மா' எழுதினான். தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகத் தடவிப் படிப்பான். அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

இன்னொரு சங்கதி கேளுங்கள். டிசம்பர் 7 கொடி நாள் உங்களுக்கு நினைவிருக்கும். 1949 முதல் நடக்கிறது. சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் மூன்றும் சேர்ந்த சின்னக் காகிதக் கொடியைச் சட்டையில் குண்டூசியால் குத்திவிட்டு உங்களிடம் சில்லறை வாங்கியிருக்கிறேன். "இந்தக் காசு எங்கே போகுது டீச்சர்?" என்று யாராவது கேட்டால் "மிலிட்டரிக்காரங்களுக்கு" என்று சொல்லி முடித்துவிடுவேன். 1993-ல் பாதுகாப்பு அமைச்சகம் பல நல நிதிகளைக் கொடி நாள் நிதியில் ஒன்றாகச் சேர்த்தது. அவற்றில் செயின்ட் டன்ஸ்டன்ஸ் (இந்தியா) நிதியும் ஒன்று. அவனும் காசு போட்டிருக்கிறான். அதை மட்டும் அவனிடம் மறுக்காமல் வாங்கியிருக்கிறேன்.

இங்கிலாந்தில் அந்த அமைப்பு இன்றும் நடக்கிறது. 2012-ல் பெயரை 'பிளைண்ட் வெட்டரன்ஸ் யுகே' என்று மாற்றிக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் நம் பள்ளியில் பழைய மாணவர் சந்திப்பு இருக்கிறது. அவனும் வருகிறான். சாப்பாடு, பந்தல், நாற்காலி வேலைகளை நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள். டஸ்டர் அவனுக்கு. யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.